பத்து மணிக்கு நின்ற சிங்கம்

காசைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு "இது அச்சுப் பிழைக் காசா?" என்று கேட்கிறவர்களுக்கு இனிமேல் பதில் எழுதுவதில்லை என்று நான் தீர்மானித்துப் பலநாள் ஆகிறது. ஆனாலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வூதியம் எடுப்பவனுக்கு வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை?

திருகோணமலையில் காசு சேர்ப்பவர்கள் சிலர் கூடி ஒரு வட்சப் குழு வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர் ஒருவர், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர் ஒருவர் என்று பத்துப் பதினைந்து பேர். போன மாதம் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். என் வயதை எட்டிப் பிடிக்கப்போகிற லொறிச் சாரதி. அவர் ஒரு ரூபாய்க் காசின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டு, "பின்பக்கம் தலைகீழாக அச்சான அபூர்வக் காசு" என்று எழுதியிருந்தார். படத்தில் இரண்டு பக்கமும் நேராகத்தான் நின்றன. இரண்டு படத்தை இரண்டு தரம் எடுத்தால் எந்தக் காசும் நேராகத்தான் நிற்கும். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கம் எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் படம் சொல்லாது. பொறுக்க முடியாமல் தொலைபேசியை எடுத்தேன்.

"காசைக் கையில எடுங்கோ. இப்ப எப்பிடித் திருப்பினீங்கள்?"

"மேலயிருந்து கீழ."

"ரொட்டி புரட்டுற மாதிரியோ?"

"ஓம்."

"அப்ப இலங்கையில உள்ள எல்லா ரூபாயும் உங்களுக்கு அபூர்வம்தான். பக்கவாட்டில திருப்புங்கோ பாப்பம்."

காசு கைதவறி விழுந்து உருளுவது கேட்டது. பிறகு, "ஐயோ, நேரா நிக்குது!" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதே பிழையை நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். அவருடைய பிழையால் யாருக்கும் ஒன்றுமில்லை. என்னுடைய பிழையால் என்னோடு வேலை செய்த ஒரு பெண் கள்ளி என்று பெயரெடுத்து வேலையை இழக்க இருந்தார். அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் புதியவர்களுக்குப் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். காசுக்கு இரண்டு அச்சு. மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் உலோகத் தட்டை வைத்து அழுத்துகிறார்கள். இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நின்றனவோ அந்தத் திசை காசில் பதிந்துவிடும். அதற்கு அச்சுத் திசை என்று பெயர். பார்ப்பது இலகு. முன்பக்கத்தை நேராகப் பிடித்து, காசைப் பக்கவாட்டில், கதவு திறப்பதுபோலத் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக நின்றால் மேல்-மேல். எங்கள் ரூபாய் அப்படித்தான். தலைகீழாக நின்றால் மேல்-கீழ். இங்கே கப்பலில் வருகிற அமெரிக்கர்களிடம் ஒரு காசு வாங்கிப் பாருங்கள், தலைகீழாகத்தான் நிற்கும். அது பிழையல்ல, அவர்களின் வழக்கம். பொறியில் அச்சு இறுக்கமில்லாமல் சுழன்றுபோனால் இரண்டுமில்லாமல் சரிந்து நிற்கும். அந்தச் சரிவை மணிக்கூட்டு முள் மாதிரி மூன்று மணி, எட்டு மணி என்று குறிக்கலாம். ஒரு மயிரிழை சரிந்திருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்து அபூர்வம் என்று என் காதைக் குடையாதீர்கள், அவ்வளவுதான்.

இனி என் வேலை. பழம்பொருட்களைப் பாதுகாக்கிற ஓர் அலுவலகத்தில் நான் பதிவாளராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது உங்களுக்குத் தேவையில்லை. கிணறு வெட்டும்போது, கரை அரிக்கும்போது, துறைமுகத்தில் சேறு அள்ளும்போது கிடைக்கிற ஓடு, பீங்கான், ஆணி, காசு எல்லாம் எங்களிடம் வரும். நான் பார்த்து எழுதுவேன். எழுதி முடித்த பொருளைக் காப்பறைக்குப் பொறுப்பான மலர் என்ற பெண் உறையில் போட்டு, இலக்கமிட்டு, காப்பறை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். அந்தப் பூட்டின் திறப்பு அவரிடம் மட்டும்தான் இருக்கும். கட்டைபறிச்சானிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறவர். இரண்டு பிள்ளைகள். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் டச்சுக்காரரின் காசுக்கு 'ஒல்லாந்தர்' என்று குறிக்க நான் ஒருதரம் மறந்தால் அவரே வந்து, "அண்ணை, இது ஆரின்ர காசு?" என்று கேட்டுவிட்டுத்தான் உறையை ஒட்டுவார்.

எங்கள் மேலதிகாரி கிண்ணியாவைச் சேர்ந்த லாபிர் சேர். பயிற்சிக்காலம் என்று எனக்கு இருந்ததெல்லாம் அவருடைய மேசைக்கு முன்னால் நின்ற ஒன்றரை வருடம்தான். சத்தம்போட்டுக் கதைத்ததே இல்லை. "பிழை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பிழையாக எழுதினால் தாளை மெல்ல என் பக்கம் தள்ளி, "இன்னொருக்கா" என்பார். மறுபடியும் பிழை என்றால், "இரிங்க, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு இன்னொருக்கா" என்பார். அந்தப் பிளேன்டீக்குப் பயந்தே நான் வேலை பழகினேன்.

காசு பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மேசையில் மடித்த துவாய். காசை விளிம்பில் மட்டும் பிடிக்கலாம், தேய்க்கக்கூடாது, ஊதக்கூடாது. பதிவேட்டில் ஒரு காசுக்கு ஒரு தாள். தாளின் முன்பக்கத்தில் காசின் முன்பக்கம். எழுதி முடிந்ததும் இடதுகை தாளைப் புரட்டும்போது வலதுகை காசைத் திருப்ப வேண்டும்.

"தாளும் காசும் சேந்து புரளணும்," என்பார். "கை தாளைப் பாத்துப் பழகிட்டா, பிறகு நீங்க யோசிக்கவே தேவையில்ல."

பிறகு தாளின் பின்பக்கத்தில் காசின் பின்பக்கத்தை எழுதி, அதன் உச்சி எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறிப்போம். ஒல்லாந்தரின் செப்புக் காசுகளுக்கு இது மிகவும் உதவும். அவர்கள் அச்சுத் திசையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களாகத் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் அவர்களின் வணிகக் கும்பனி முத்திரையும் வருடமும், மறுபக்கத்தில் உச்சியில் கிரீட முடி தரித்த கேடயத்துக்குள் சிங்கம். ஒரு காசில் முடி ஒரு மணிக்கு நிற்கும், இன்னொன்றில் ஏழு மணிக்கு நிற்கும். தேய்ந்த செப்புக் காசுகள் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் இந்த மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கைநாட்டு மாதிரி.

நான் இந்த வேலையில் கெட்டிக்காரன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். மற்ற மாவட்டங்களிலிருந்து பதிவாளர்களை என்னிடம் அனுப்பி வேலை பழகச் சொன்னார்கள். பதவி உயர்வுக்கு என் பெயரும் போயிருந்தது.

அந்த மாரியில் சல்லி என்ற ஊரின் கரையைக் கடல் நன்றாக அரித்துவிட்டது. ஒரு மீனவர் பச்சை பிடித்த ஏழு காசுகளைச் சோற்றுப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்து தந்தார். "பொன்னெண்டால் எனக்குச் சொல்லுங்கோ, செம்பெண்டால் நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். செம்புதான். எங்கள் பதிவேடு முடிந்து, கொழும்பிலிருந்து புதியது வராத நேரம் அது. கடையில் ஒரு சுருள்கம்பிக் கொப்பி வாங்கி, அதில் எழுதினேன். தாளுக்கு ஒரு காசு, வழக்கம்போல. புதிய பதிவேடு வந்ததும் தாள்களைக் கிழித்து, இடது ஓரத்தில் பசை பூசி அதற்குள் ஒட்டினேன். வேலை முடிந்தது என்று மறந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். தமிழ் நன்றாகக் கதைப்பவர், கறாரான மனிதர். அலுமாரியிலிருந்து அங்கொன்று இங்கொன்றாக உறைகளை எடுத்துப் பதிவேட்டோடு பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாகச் சல்லிக் கரையில் கிடைத்த காசு ஒன்றை எடுத்தார். பதிவேட்டில் சிங்கத்துக்கு மேலுள்ள முடி பத்து மணி. காசை விளிம்பில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார். நாலு மணி. திரும்பவும் திருப்பினார். நாலு மணி.

"இது அந்தக் காசு இல்லை," என்றார்.

எங்கள் தராசு அரைக் கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாது, ஆகவே நிறை உதவவில்லை. படங்கள் இருந்தன, ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனியாக நேராக எடுத்த படங்கள். வருடம் தேய்ந்த காசு. மிச்சமிருந்தது என் எழுத்து மட்டும்தான். போதாக்குறைக்கு, ஒரு மாதத்துக்கு முன் ஒரு வியாபாரி ஒல்லாந்தர் காசு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்து, விறாந்தையில் மலரோடு கதைத்ததை யாரோ அதிகாரியின் காதில் போட்டுவிட்டார்கள்.

"வந்தவர், கேட்டவர், இல்லையெண்டு சொல்லி அனுப்பினனான்," என்றார் மலர்.

அதிகாரி லாபிர் சேரிடம் திரும்பி, "உங்கள் பதிவாளர் எழுதினதை நம்பலாமா?" என்று கேட்டார்.

"அவர்ர கையில பிழை வந்து நான் கண்டதில்ல," என்றார் சேர்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. என் பக்கத்தில் ஒரு மனுசி நிறம் வெளுத்து நிற்கிறார், எனக்கு உள்ளுக்குள் குளிர்கிறது. 'இந்தப் பதிவு முறைப்படி என் கையால் செய்யப்பட்டது, இதில் பிழையில்லை' என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதோடு நிற்கவில்லை. மலரிடம் போய்ப் புத்தி வேறு சொன்னேன்.

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ, மலர். எங்கயாவது காசு மாறிப்போயிருக்கும். என்ர எழுத்தில பிழை வராது."

திறந்தால் தெரியும்படி காப்பறைக் கதவுக்கு முத்திரை வைத்தார்கள். திறப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் விளக்கக் கடிதத்தோடு வரும்படி அவரிடம் சொல்லப்பட்டது. கடிதம் திருப்தியில்லை என்றால் வேலை இடைநிறுத்தம், பிறகு பொலிஸ்.

மூன்றாம் நாள் காலையில் லாபிர் சேர் அந்தக் காசின் பதிவைக் கோப்புக்காக ஒரு பிரதி எழுதச் சொன்னார். பதிவேட்டை விரித்து முன்பக்கத்தை எழுதினேன். தாளைப் புரட்டினேன். பின்பக்கத்து எழுத்து தலைகீழாக நின்றது. நான் பதிவேட்டையே தூக்கி மறுவளமாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அதிகாரியும் அன்றைக்கு அப்படித்தான் பதிவேட்டைச் சுற்றி வைத்து வாசித்தார். யாருக்கும் அது ஒரு விசயமாகப் படவில்லை.

இரண்டு வரி எழுதியிருப்பேன். பேனை நின்றுவிட்டது. எழுத்து ஏன் தலைகீழாக நிற்கிறது?

பதிவேட்டைப் பழையபடி நேராக வைத்து, தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். சுருள்கம்பியில் கிழித்த பிசிறு மேலே இருந்தது. அந்தக் கொப்பியின் கம்பி பக்கத்தில் இல்லை, தலைமாட்டில் இருந்தது. அதன் தாளைப் பக்கவாட்டில் புரட்ட ஏலாது. கீழிருந்து மேலே தூக்கித்தான் புரட்ட வேண்டும். தாள் மேலே போயிருக்கிறது. தாளும் காசும் சேர்ந்து புரள வேண்டும் என்று பழகிய கை, காசையும் மேலே கொண்டுபோயிருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் நாலு மணிக்கு நிற்கிற சிங்கம், மேலே புரட்டினால் பத்து மணிக்கு நிற்கும். எப்போதும் சரியாக அரைச் சுற்று வித்தியாசம்.

பதவி உயர்வுக் கடிதம் மேசை லாச்சிக்குள் இல்லை, ஆனால் வருகிற வழியில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு பிரதியை எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப்பொய். வந்தது. ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் இருந்தது. பிறகு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். அதிகாரியும் அங்கேதான் இருந்தார்.

"சேர், பிழை என்ர. நான் காசை மேல புரட்டியிருக்கிறன்."

விளங்கப்படுத்தினேன். லாபிர் சேர் பதிவேட்டை வாங்கித் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரிதான் எரிச்சல்பட்டார்.

"முந்தாநாள் பிழையில்லை என்று கையெழுத்து வைச்சீங்கள். இண்டைக்குப் பிழை எண்டுறீங்கள். கூட வேலை செய்கிறவரைக் காப்பாற்ற ஒரு கதை விடுறீங்கள் என்று நான் ஏன் நினைக்கக்கூடாது?"

கேள்வி நியாயமானது. தலைகீழ் எழுத்து நான் கொப்பியைத் தூக்கிப் புரட்டினேன் என்பதைத்தான் காட்டும், காசைப் புரட்டினேன் என்பதைக் காட்டாது. ஆனால் எனக்கு என் வேலை தெரியும். அது எந்த அவமானத்திலும் என்னை விட்டுப் போகவில்லை.

"சல்லியிலயிருந்து ஏழு காசு வந்தது. ஏழையும் அதே கொப்பியிலதான் எழுதினனான். நீங்கள் ஒண்டைத்தான் பாத்தீங்கள். மிச்ச ஆறு உறையையும் திறவுங்கோ. பதிவில பன்னிரண்டு மணியெண்டு இருக்கிறது ஆறு மணியில நிக்கும். ஏழு ஒண்டில நிக்கும். ரெண்டு எட்டில நிக்கும். ஆரும் ஒரு காசை மாத்தினால் ஒரு காசுதான் பிழையா நிக்கும். அந்த ஆறு காசில ஒண்டாவது எழுதினபடி நிண்டால் நான் பொய்யன், இந்தக் கதிரையிலயே ராஜினாமா எழுதித் தாறன்."

அதிகாரி லாபிர் சேரைப் பார்த்தார். சேர், "திறப்பு வரட்டும்," என்றார்.

பத்து மணி பஸ்ஸில் மலர் வந்தார். கண் வீங்கியிருந்தது. நான் முன்னால் போய், "மலர், ஒரு விசயம்," என்று தொடங்கினேன்.

"நான் உங்களோட கதைக்க வரேல்ல. கடிதம் குடுக்க வந்தனான்," என்றுவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

முத்திரையை உடைத்தார்கள். மேசையில் துவாய் விரித்தார்கள். என்னைத் தொடவிடவில்லை, அது சரிதான். அதிகாரி தானே கையைக் கழுவி வந்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு காசுக்கும் பதிவில் இருந்ததையும், இனிக் காணப்போவதையும் முன்கூட்டியே சொன்னேன்.

"பதிவில பன்னிரண்டு. ஆறு காட்டும்."

திருப்பினார். சிங்கம் தலைகீழாக நின்றது. ஆறு.

"பதிவில ஏழு. ஒண்டு காட்டும்."

ஒன்று.

இரண்டு எட்டானது, பதினொன்று ஐந்தானது, மூன்று ஒன்பதானது. கடைசிக் காசில் சிங்கம் பாதி தேய்ந்திருந்தது. அதிகாரி உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் முடியைத் தேடினார். "பதிவில எட்டு, ரெண்டு காட்டும்" என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன். அவர் கண்ணை எடுத்து, "இரண்டு," என்றார். பிறகு மலரின் பக்கம் திரும்பி, எழும்பி நின்று, "உங்கள் காப்பறையில் ஒன்றும் மாறவில்லை. மன்னிக்க வேண்டும்," என்றார். நல்ல மனிதர்.

லாபிர் சேர் பதிவேட்டை என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"சிவப்புப் பேனை எடுங்க. பழையத அழிக்காதீங்க. பக்கத்தில சரியானத எழுதி, ஏன் பிழை வந்ததெண்டும் எழுதி, ஒவ்வொண்டுக்கும் கையெழுத்து வையுங்க." தன் பேனையையும் எடுத்து, "நானும் வைக்கணும். புரட்டுற விதத்தை ஒழுங்காச் சொல்லித் தராதது நான்," என்றார்.

ஏழு காசுக்கும் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. வராதது நியாயம்தான், அதற்காக நான் அழவில்லை. அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு காசுக்கும் மணியோடு சேர்த்து, எந்தப் பக்கமாகத் திருப்பினேன் என்றும் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். ஒரு சொல்தான்.

எல்லோரும் போன பிறகு மலர் தனியாக உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன், வாயில் வந்தது "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பது மட்டும்தான்.

அவர் திரும்பவில்லை. ஏழாவது உறையையும் வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் கதைத்தார்.

"நீங்கள் கையெழுத்து வைச்சதுக்கு எனக்குக் கோவமில்லை, அண்ணை. உங்கட எழுத்தில பிழை வராதெண்டு நானும்தான் நம்பினனான். அப்ப பிழை என்னிலதானே? ரெண்டு நாளா வீட்டில அலுமாரி, பெட்டகம், பிள்ளையளின்ர புத்தகப்பை எல்லாம் கொட்டித் தேடினனான். குசினியில அரிசி வாளியையும் கவிட்டுப் பாத்தனான். மூத்தவள் வந்து கேட்டவள், 'அம்மா, என்ன தேடுறீங்கள்?' எண்டு. நான் எடுக்காத காசைத் தேடுறன் எண்டு அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?"